லேத் மோட்டாருக்கு "நாசா" பவர் சேவரா, விஎஃப்டியா? (3 எச்பி, சேலம் ஜாப் ஒர்க் பட்டறை)

கொண்டலாம்பட்டி_டர்னர் கேட்டது:

வணக்கங்க. கொண்டலாம்பட்டியில சின்ன ஜாப் ஒர்க் பட்டறை. 6 அடி ஆல் கியர் லேத் ஒண்ணு, பழைய கோன் புல்லி லேத் ஒண்ணு. ஆல் கியர் லேத்துல 3 எச்பி மோட்டார். நேம் பிளேட்டுல 415 வோல்ட், ஸ்டார், 4.8 ஆம்ப்ஸ், 50 ஹெர்ட்ஸ், 1430 ஆர்பிஎம்னு இருக்குது. டெர்மினல் பாக்ஸ்ல ஆறு முனையும் வெளியில வருது. ஒரு தடவை ரீவைண்டிங் ஆன மோட்டார். ஃபார்வேர்டு, ரிவர்ஸ் ரெண்டும் ஏப்ரன் லிவர்ல, கான்டாக்டர் வழியா.

வேலை பெரும்பாலும் ஜவ்வரிசி மில்லுக்கான ராஸ்பர் (கிழங்கு அரைக்கிற மெஷின்) ஷாஃப்ட் (இஎன் 8 ஸ்டீல், 60 முதல் 75 மிமீ), அப்புறம் 304 எஸ்எஸ் ஃபிளாஞ்ச் 200 மிமீ வரைக்கும். தொந்தரவு மூணு. ஃபிளாஞ்ச் ஃபேசிங் பண்ணும்போது வெளி விளிம்புல ஃபினிஷ் நல்லா வருது, நடுவுக்குப் போகப்போக கிழிஞ்ச மாதிரி ஆகுது. பார்ட்டிங்ல (ஜாப்பைத் துண்டா வெட்டும்போது) சாட்டர், அதாவது டூல் அதிருது. ஜாப்பைப் பிடிக்கிற 315 மிமீ நாலு ஜா சக் நிக்கவே ரொம்ப நேரம் ஆகுது.

இதுக்கு நடுவுல ஒரு வியாபாரி வந்து "நாசா விஞ்ஞானி கண்டுபிடிச்ச பவர் சேவர், மோட்டார்ல மாட்டுனா 35% கரண்ட் மிச்சம்"னு கிளாம்ப் மீட்டர் வச்சுக் காட்டுறாரு. லேத் சும்மா ஓடும்போது 2.4 ஆம்ப்ஸ் இருந்தது, பெட்டியை மாட்டினதும் 1 ஆம்ப்ஸுக்கு இறங்கிடுச்சு. கண்ணால பார்த்தேன். அதை வாங்கலாமா, இல்ல அந்தக் காசுக்கு விஎஃப்டி (ஃப்ரீக்வென்சியை மாத்தி மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ட்ரைவ்) போடலாமா? விஎஃப்டி போட்டா மேலே சொன்ன மூணும் தீருமா?

---

பேனல்_வயரிங் பதில்:

நாசா பேர் பொய் இல்லைங்க. அமெரிக்காவில் ஹன்ட்ஸ்வில்லில் இருக்கும் மார்ஷல் விண்வெளி மையத்தில் வேலை பார்த்த ஃபிராங்க் நோலா என்ற இன்ஜினியர் 1977-இல் இதற்குப் பேட்டன்ட் வாங்கினார். நல்ல சிந்தனைதான். இன்டக்ஷன் மோட்டார் சுமை இல்லாமல் ஓடினாலும் முழு வோல்டேஜும் அதற்குப் போகிறது. அந்த வோல்டேஜ் கோரில் காந்தப்புலத்தை முழு அளவில் வைத்திருக்கிறது, அதற்கான இழப்பும் குறையாமல் நடக்கிறது. சுமை குறைந்தால் கரண்ட் வோல்டேஜுக்கு இன்னும் பின்தங்கும். நோலாவின் சர்க்யூட் அந்தப் பின்தங்கலை அளக்கும். அது கூடினால் டிரையாக் என்ற மின்னணு சுவிட்ச் ஒவ்வொரு அரைச் சுற்றிலும் தாமதமாக ஆன் ஆகி வோல்டேஜைக் குறைக்கும். சுமை வந்ததும் திரும்ப ஏற்றும். ஒன்றைக் கவனியுங்கள்: ஃப்ரீக்வென்சி 50 ஹெர்ட்ஸிலேயே நிற்கிறது. வேகத்தை மாற்றுவது அவருடைய நோக்கமே இல்லை. அதனால் உங்கள் மூன்று தொந்தரவில் ஒன்றுகூட அந்தப் பெட்டியால் தீராது.

இனி மிச்சக் கணக்கு. சும்மா ஓடும்போது 2.4 ஆம்ப்ஸ் என்றால் 1.732 × 415 × 2.4 = 1,725 விஏ (வோல்ட் ஆம்பியர்). அந்த நிலையில் பவர் ஃபேக்டர், அதாவது விஏ-வில் உண்மையான வாட்டின் பங்கு, 0.15 அளவில்தான் இருக்கும். ஆக மோட்டார் உண்மையில் இழுப்பது 260 வாட் சுமார். மீட்டரில் காசாக ஓடுவது இந்த 260 தானே தவிர 1,725 இல்லை. கிளாம்ப் மீட்டருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. ஒரு கெபாசிட்டரை மாட்டினாலே ஆம்ப்ஸ் சரசரவென்று இறங்கும், வாட் அப்படியே இருக்கும்.

பெட்டி நோலா வழியில் செய்ததா, வெறும் கெபாசிட்டரா என்று கண்டுபிடிப்பது சுலபம். மூன்று பேஸுக்கு, பேஸுக்கு இரண்டு வீதம் ஆறு தைரிஸ்டரும் (இதுவும் மின்னணு சுவிட்ச்தான்) ஒரு அலுமினிய ஹீட் சிங்க்கும் வேண்டும். மோட்டாருக்குப் போகிற லைன் அதன் வழியாகவே போயாக வேண்டும். லைனுக்குப் பக்கத்தில் இணையாக மாட்டுகிற, தொட்டால் சூடே இல்லாத பெட்டி என்றால் அது கெபாசிட்டர்தான்.

பட்டறை மீட்டரிலேயே சோதிக்கலாம். மீட்டர் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை பல்ஸ் என்று அச்சடித்திருக்கும், 1600 என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, லேத்தை மட்டும் சும்மா ஓடவிட்டு, சிவப்பு எல்இடி 10 நிமிடத்தில் எத்தனை தடவை மின்னுகிறது என்று எண்ணுங்கள். 260 வாட்டுக்கு 69 தடவை மின்னும். கியர் பாக்ஸ் இழுப்பும் சேர்ந்தால் இன்னும் கூடும். பெட்டியை மாட்டி அதே கியரில், அதே வேகத்தில் திரும்ப எண்ணுங்கள். வியாபாரி முன்னாலேயே எண்ணுங்கள்.

உண்மையான நோலா கன்ட்ரோலராகவே இருந்து, சும்மா ஓடும்போது 120 வாட் குறைக்கிறது என்றே எடுத்துக்கொள்வோம். தினம் 4 மணி நேரம் சும்மா ஓடுகிறது, வருஷத்துக்கு 300 நாள் என்றால் 144 யூனிட். யூனிட் 8 ரூபாய் வைத்தாலும் 1,152 ரூபாய். வெட்டும்போது மிச்சம் ஏறக்குறைய இல்லை, ஏனென்றால் சுமை வந்ததும் அது முழு வோல்டேஜைக் கொடுத்துவிடும், கொடுத்தே ஆக வேண்டும். மோட்டாரின் டார்க் வோல்டேஜின் வர்க்கத்தில் குறையும். சதுரக் கம்பியை உருட்டுவது மாதிரி விட்டுவிட்டு வெட்டுகிற வேலையில் வோல்டேஜ் ஏறி இறங்கித் தடுமாறும், அது ஜாப் மேல் வரியாக விழும்.

ஜாப் மாற்றும்போதும் அளவு பார்க்கும்போதும் மோட்டாரை நிறுத்திவிட்டால் அந்த 260 வாட்டும் முழுசாக மிச்சம், பெட்டியே வேண்டாம். கான்டாக்டரில் நேராக ஸ்டார்ட் பண்ணும்போது ஒவ்வொரு தடவையும் ஆறு மடங்கு கரண்ட் இழுத்து வைண்டிங் சூடேறும் என்பதால்தான் பலரும் நிறுத்தத் தயங்குகிறார்கள். விஎஃப்டி மெதுவாக ஏற்றுவதால் எத்தனை தடவை வேண்டுமானாலும் நிறுத்தி எடுக்கலாம். எனக்கு விஎஃப்டிதான் சரி என்று படுகிறது. ஆனால் கரண்ட் பில் குறையும் என்று அதை வாங்காதீர்கள். விஎஃப்டியே 3% சுமார் தின்னும். வேகம் கைக்கு வரும், அதற்குத்தான் காசு.

---

கார்பைடு_டிப் பதில்:

வெட்டுற பக்கத்தை நான் சொல்றேன்.

ஃபேசிங்ல நடுவுல கிழியறதுக்குக் காரணம் டிப்பு இல்லை, மீட்டர் வேகம் (டூல் நுனியில ஜாப் நிமிஷத்துக்கு எத்தனை மீட்டர் ஓடுதுங்கிறது). ஆர்பிஎம் = 1000 × மீட்டர் வேகம் ÷ (3.14 × விட்டம்). 200 மிமீ ஃபிளாஞ்சுக்கு 100 மீட்டர் வேணும்னா வெளி விளிம்புல 159 ஆர்பிஎம். டூல் 50 மிமீ விட்டத்துக்கு வரும்போது அதே 159-ல வெறும் 25 மீட்டர்தான் கிடைக்கும். 304-க்கு 25 மீட்டர்ல கார்பைடு வெட்டாது, தேய்க்கும். மெட்டல் டிப்பு மேல ஒட்டும், ஒட்டினது பிச்சுக்கிட்டு போகும்போது ஜாப்பையும் கீறும். நீங்க பார்க்கிற கிழிசல் அதுதான். 50 மிமீ-ல 637 ஆர்பிஎம் வேணும். சிஎன்சி-ல ஜி 96 இதைத் தானா பண்ணுது. விஎஃப்டி பொட்டென்ஷியோமீட்டரைக் கையால திருப்பினா நீங்களும் பாதிக்கு மேல பண்ணலாம். ஒரே கியர்ல 20 ஹெர்ட்ஸ்ல ஆரம்பிச்சு 65 வரைக்கும் போனா 3.25 மடங்கு கிடைக்குது. 200 மிமீ-ல இருந்து 62 மிமீ வரைக்கும் மீட்டர் வேகம் மாறாம வரும். அதுக்கு உள்ள பெரும்பாலும் போர் இருக்கும், கவலை இல்லை.

சாட்டருக்கு முதல்ல வேகத்தைத் தொடாதீங்க. பார்ட்டிங் டூல் நீட்டம், சென்டர் உயரம், கிராஸ் ஸ்லைடு கிப், இந்த மூணையும் பாருங்க. சரியா இருந்தும் அதிருதுன்னா 10% மேலயோ கீழயோ திருப்பிப் பாருங்க. அதிர்வு மெஷினோட சொந்த ஓசையைப் பிடிச்சுக்கிட்டு வளருது, வேகம் கொஞ்சம் நகர்ந்தா பிடி விட்டுப்போகும். கியர்ல ஒரு படி மாத்தினா 30, 40% குதிச்சிடும், அந்த நடு இடம் கியர்ல கிடைக்கவே கிடைக்காது. விஎஃப்டி கொடுக்கிற பெரிய வரமே இதுதான்.

ஆனா வேகம் கைக்கு வந்ததும் எல்லாரும் ஏத்திக்கிட்டே போறாங்க, டிப்பு காலியாகுது. ஃபிரடெரிக் டெய்லர் 1906-ல அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் சங்கத்துல படிச்ச கட்டுரையில கொடுத்த விதி இன்னைக்கும் பட்டறையில நிக்குது: வெட்டு வேகத்தை, டூல் ஆயுளோட ஒரு சின்ன அடுக்கால பெருக்கினா வர்றது ஒரு மாறாத எண். அந்த அடுக்கு கார்பைடுக்கு 0.25 கிட்ட, எச்எஸ்எஸ்-க்கு 0.125 கிட்ட. தலைகீழா போட்டுப் பாருங்க. கார்பைடுல வேகத்தை 10% ஏத்தினா ஆயுள் 68% ஆகும், 20% ஏத்தினா பாதிக்குக் கீழ போயிடும். எச்எஸ்எஸ்-ல 10% ஏத்தினாலே பாதிக்குக் கீழ. இதே டெய்லரும் மான்செல் ஒயிட்டும்தான் பெத்லஹேம் ஸ்டீல்ல ஹை ஸ்பீடு ஸ்டீல் டூலுக்கான சூடேத்துற முறையைக் கண்டுபிடிச்சாங்க, 1900 பாரிஸ் கண்காட்சியில டூல் நுனி சிவக்கச் சிவக்க வெட்டிக் காட்டினாங்க. டூல் அந்த வேகத்துக்கு வந்த பிறகுதான் பெல்ட்டுல ஓடின லேத்துகளுக்கு அதைத் தாங்கிற சக்தியும் படிப்படியான வேகமும் போதலைன்னு வெளிச்சமாச்சு.

பொட்டென்ஷியோமீட்டருக்குப் பக்கத்துல ஒரு அட்டை ஒட்டுங்க. 20, 30, 40, 50, 60 ஹெர்ட்ஸுக்கு ஒவ்வொரு கியர்லயும் என்ன ஆர்பிஎம்னு எழுதி வச்சா கை தானா பழகும். இஎன் 8 ஷாஃப்ட் 60 மிமீ, 100 மீட்டருக்கு 530 ஆர்பிஎம். 75 மிமீ-க்கு 425.

---

சூரமங்கலம்_மெயின்டனன்ஸ் பதில்:

வேகம் பத்தி ரெண்டு பேரும் சொல்லிட்டாங்க. நான் ஆபத்து பத்திச் சொல்றேன், தயவுசெய்து இதை முதல்ல படிங்க.

உங்க ஸ்பிண்டில் மூக்கு எந்த வகை? கேம் லாக் (சக்கைப் பின் வச்சுப் பூட்டுற வகை)னா பரவாயில்லை. சக்கை மரையில திருகி மாட்டுற பழைய வகைன்னா சீக்கிரம் பிரேக் போடக் கூடாது. ஸ்பிண்டில் பட்டுன்னு நிக்கும், 50 கிலோ சக் தன் வேகத்துலயே போய் மரையைக் கழட்டிக்கிட்டு பெட் மேல விழும். ரிவர்ஸ்ல வெட்டினாலும் இதே கதை. கோன் புல்லி லேத்துல நிச்சயம் மரை மூக்குதான் இருக்கும். அதுக்கு ஸ்டாப்பை சும்மா சுத்தி நிக்கிற முறையில வையுங்க, இல்லன்னா இறங்கு நேரம் (விஎஃப்டி வேகத்தை இறக்கி நிறுத்த எடுக்கிற நேரம்) 8 விநாடிக்குக் கீழ வேண்டாம்.

ரெண்டாவது, 315 மிமீ வார்ப்பு இரும்பு சக். அதோட முகத்துல அதிகபட்ச ஆர்பிஎம் அடிச்சிருக்கும். டாப் கியர் 1200-ன்னா, 70 ஹெர்ட்ஸ்ல 1,680 போகும். சக் தாங்காது, ஜா பறக்கும். டாப் கியர்ல 50 ஹெர்ட்ஸைத் தாண்ட விடாதபடி கியர் லிவர்ல ஒரு லிமிட் ஸ்விட்ச் வச்சு விஎஃப்டியோட ரெண்டாவது உச்ச வேக செட்டிங்குக்குக் கொடுங்க. ஞாபகத்தை நம்பாதீங்க, ரெண்டாவது ஷிப்டுல வேற ஆள் நிப்பாரு.

மோட்டார் டெர்மினல்ல பவர் ஃபேக்டருக்காக 1 கேவிஏஆர் கெபாசிட்டர் மாட்டியிருந்தா கழட்டுங்க. விஎஃப்டி அவுட்புட்டுல கெபாசிட்டர் இருந்தா முதல் ஸ்டார்ட்டுலயே ட்ரிப் ஆகும், இல்ல ஐஜிபிடி (விஎஃப்டி உள்ள இருக்கிற பவர் சுவிட்ச்) போயிடும். மெயின் போர்டு பக்கம் இருக்கிற கெபாசிட்டர் இருக்கட்டும், ஆனா விஎஃப்டிக்கு முன்னால 3% லைன் சோக் போடுங்க, இல்லன்னா அந்தக் கெபாசிட்டரும் சூடாகி உப்பும்.

இப்ப இருக்கிற ஃபார்வேர்டு ரிவர்ஸ் கான்டாக்டரை விஎஃப்டிக்கும் மோட்டாருக்கும் நடுவுல விட்டுடக் கூடாது. ஓடும்போது லிவரைத் தள்ளினா விஎஃப்டி அவுட்புட் அறுந்து சேரும், அங்கதான் ட்ரைவ் வெடிக்குது. லிவர் ஸ்விட்சோட ஒயர்களை மட்டும் எடுத்து ஃபார்வேர்டு, ரிவர்ஸ், காமன் டெர்மினல்ல கொடுங்க. அதுல பழைய 110 வோல்ட் கன்ட்ரோல் சப்ளை மிச்சம் இல்லைன்னு டெஸ்டர் வச்சுப் பார்த்துட்டு மாட்டுங்க. கூலன்ட் பம்ப், விளக்கு டிரான்ஸ்ஃபார்மர் ரெண்டும் விஎஃப்டிக்கு முன்னாலேயே பிரியணும்.

காலால மிதிக்கிற பிரேக் இருக்குதா? இருந்தா அந்தப் பெடல்லயும் ஒரு ஸ்விட்ச் வச்சு விஎஃப்டி அவுட்புட்டை உடனே விடுற இன்புட்டுக்குக் கொடுங்க. மோட்டார் ஒரு பக்கம் இழுக்க, பிரேக் ஒரு பக்கம் பிடிக்க, ஓவர் கரண்ட்ல ட்ரிப் ஆகிக்கிட்டே இருக்கும்.

---

கொண்டலாம்பட்டி_டர்னர்:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். ஆல் கியர் லேத்துல கேம் லாக், கோன் புல்லியில மரை மூக்குதான். அதனால கோன் புல்லியை இப்போதைக்குத் தொடலை. மோட்டார் பக்கத்துல கெபாசிட்டர் இருக்குது, கழட்டிடறேன். கால் பிரேக் இல்லை.

பவர் சேவர்காரர்கிட்ட பல்ஸ் எண்ணலாம்னு சொன்னேன், அடுத்த வாரம் வர்றேன்னு போயிட்டாரு.

இன்னும் ரெண்டு சந்தேகம். பிரேக் ரெசிஸ்டர் (நிறுத்தும்போது திரும்பி வர்ற ஆற்றலைச் சூடா எரிக்கிறது) கட்டாயம் வேணுமா? கடையில "செட்டிங்லயே நிறுத்திக்கலாம்"ங்கிறாங்க. மெதுவா ஓடும்போது மோட்டார் இழுக்காதுன்னு வேற ஒருத்தர் சொன்னாரு, அது உண்மையா?

---

பேனல்_வயரிங் பதில்:

ரெண்டாவதை முதலில் சொல்கிறேன். டார்க் அப்படியே இருக்கும், குதிரைத்திறன் குறையும். 25 ஹெர்ட்ஸில் உங்கள் 3 எச்பி மோட்டார் 1.5 எச்பி, 10 ஹெர்ட்ஸில் 0.6 எச்பி. கியரை டாப்பில் போட்டுவிட்டு 10 ஹெர்ட்ஸில் 75 மிமீ ஷாஃப்டில் 3 மிமீ டெப்த் எடுத்தால் நிற்கத்தான் செய்யும். அதனால் கியர் பாக்ஸுக்கு ஓய்வு கொடுத்துவிடாதீர்கள். வேலைக்கு நெருங்கிய கியரைப் போட்டு, 25 முதல் 60 ஹெர்ட்ஸ் வரை விஎஃப்டியில் நுணுக்கமாகத் திருத்துங்கள். 50-க்கு மேல் வோல்டேஜ் ஏற வழியில்லை, காந்தப்புலம் பலவீனமாகும், டார்க் குறையும். 65 ஹெர்ட்ஸில் 77% தான் மிஞ்சும், ஃபினிஷிங்குக்குப் போதும். 20-க்குக் கீழே நீண்ட நேரம் ஓட்டினால் மோட்டாரின் சொந்த ஃபேன் காற்றுத் தள்ளாது. அப்படி வேலை இருந்தால் பின்னால் தனி ஃபேன் ஒன்று வையுங்கள். ஹெட் ஸ்டாக்கில் கியர் தெளிக்கிற எண்ணெயை நம்பி ஓடுகிற லேத் என்றால் மெதுவான வேகத்தில் மேல் பேரிங்குக்கு எண்ணெய் ஏறாது, அதையும் சைட் கிளாஸில் பாருங்கள்.

வெக்டர் கன்ட்ரோல் உள்ள ட்ரைவாக வாங்குங்கள். 1970-களின் தொடக்கத்தில் சீமென்ஸில் ஃபெலிக்ஸ் பிளாஷ்கே வகுத்த வழி அது. மோட்டார் கரண்டை இரண்டாகப் பிரித்து, காந்தப்புலத்துக்கு ஒரு பங்கு, டார்க்குக்கு ஒரு பங்கு என்று தனித்தனியாக ஆள்வது. அதற்கு முன்னால் வேகத்தை நயமாக ஆள வேண்டுமென்றால் டிசி மோட்டார்தான். ஹாரி வார்டு லெனார்டு 1891-இல் கொண்டுவந்த முறையில் ஒரு மோட்டார், அது சுழற்றும் ஒரு ஜெனரேட்டர், அதிலிருந்து ஓடும் இன்னொரு மோட்டார் என்று மூன்று மெஷின் வேண்டும். சுரங்க வின்ச், லிஃப்ட், ரோலிங் மில் எல்லாம் அதில்தான் பல காலம் ஓடின. இன்றைக்கு அந்த வேலையை ஷூ பெட்டி அளவில் ஒரு ட்ரைவ் செய்கிறது. ஆனால் வெக்டருக்கு மோட்டாரின் உள் மதிப்புகள் தெரிய வேண்டும். நேம் பிளேட் எண்களைப் போட்டுவிட்டு, பெல்ட்டைக் கழற்றி, சுழல் ஆட்டோ டியூன் ஒருமுறை ஓட்டுங்கள். பெல்ட்டோடு ஓட்டினால் கியர் பாக்ஸ் இழுப்பையும் மோட்டாரின் குணம் என்று எடுத்துக்கொள்ளும்.

இப்போது ரெசிஸ்டர். உங்கள் 315 மிமீ சக் 50 கிலோ என்று வைத்தால் சுழல் நிலைமம் 0.62 கிலோ-சதுர மீட்டர். 800 ஆர்பிஎம்மில் அதில் இருக்கிற ஆற்றல் சுமார் 2,180 ஜூல், ஜாப்பின் எடை தனி. நிறுத்தும்போது மோட்டார் ஜெனரேட்டராகி இதைத் திருப்பி அனுப்பும். ட்ரைவின் டிசி பஸ் சாதாரணமாக 587 வோல்ட், 800 தொட்டால் ட்ரிப். உள்ளே 470 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் இருந்தால் இந்த இடைவெளியில் அது வாங்கிக்கொள்ளக்கூடியது 69 ஜூல். 2,180 எங்கே, 69 எங்கே. உராய்விலும் மோட்டாரிலும் கொஞ்சம் போனாலும் மிச்சத்தை எரிக்க இடம் வேண்டும். "செட்டிங்லயே நிறுத்தலாம்" என்று கடையில் சொல்வது டிசி இன்ஜெக்ஷனாக இருக்கும். அது ஆற்றலை ரோட்டாருக்குள் எரிக்கும். நாளுக்குப் பத்து தடவை என்றால் சரி. ஃபிளாஞ்ச் வேலையில் நாளெல்லாம் நிறுத்தி எடுத்தால் மோட்டார் வேகும்.

2.2 கிலோவாட், 400 வோல்ட் வகுப்பு ட்ரைவுக்கு 200 ஓம், 300 வாட் ரெசிஸ்டர் பொருத்தமாக இருக்கும். 760 வோல்ட்டில் 3.8 ஆம்ப்ஸ், அந்த நேரத்துக்கு 2,900 வாட் எரிக்கும். உங்கள் சக்கை 2 விநாடியில் நிறுத்தத் தொடக்கத்தில் 2,180 வாட் வேண்டும், ஆக அடக்கம். உள்ளே பிரேக் சாப்பர் (ரெசிஸ்டருக்குக் கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) இருக்கிற மாடலா என்று கேட்டு வாங்குங்கள். மேனுவலில் போட்டிருக்கும் குறைந்தபட்ச ஓம்ஸுக்குக் கீழே ஒருபோதும் போகாதீர்கள். ஓம் குறைந்தால் சீக்கிரம் நிற்கும் என்று 60 ஓம் மாட்டினால் சாப்பர் போய்விடும். ரெசிஸ்டர் தகதகவென்று சூடாகும், பேனலுக்கு வெளியே, கூண்டு போட்டு, சுருள் பிசிறு விழாத இடத்தில் வையுங்கள்.

த்ரெட் போடும்போது இதன் அருமை தெரியும். ஸ்பிண்டிலோடு லீட் ஸ்க்ரூ கியரில் பிணைந்திருப்பதால் வேகம் மாறினாலும் பிட்ச் மாறாது. ஆனால் 100 ஆர்பிஎம், 2 மிமீ பிட்ச், 2 விநாடி இறங்கு நேரம் என்றால் லிவரை எடுத்த பிறகும் டூல் 3.3 மிமீ போகும். 0.5 விநாடி என்றால் 0.8 மிமீ. தோள் பக்கத்தில் கழிவுக் காடி (டூல் வந்து நிற்க விடும் பள்ளம்) எவ்வளவு அகலமோ அதற்கேற்ப நேரத்தை வையுங்கள்.

தொடக்க செட்டிங்: ஏறு நேரம் 3 விநாடி, இறங்கு நேரம் 2 விநாடி, குறைந்த அளவு 15 ஹெர்ட்ஸ், உச்சம் 65, கேரியர் 4 கிலோ ஹெர்ட்ஸ், மோட்டார் கரண்ட் 4.8. ஓவர் வோல்டேஜ் ஸ்டால் என்று ஒன்று இருக்கும், ரெசிஸ்டர் மாட்டியதும் அதை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் ட்ரைவ் தானே இறங்கு நேரத்தை நீட்டிக்கொண்டு ரெசிஸ்டரை வேலை செய்ய விடாது. ரெசிஸ்டர் வைத்தும் சக் நிற்கவில்லை என்று வருகிற புகாரில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. 415 வோல்ட் ட்ரைவ் என்பதால் மோட்டார் ஸ்டாரிலேயே இருக்கட்டும்.

ரீவைண்டிங் ஆன மோட்டார் என்கிறீர்கள். ட்ரைவை மாட்டும் முன், மோட்டார் ஒயரைத் தனியாகக் கழற்றி 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வையுங்கள். 2 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் முதலில் ரீவைண்டிங் கடைக்குப் போகட்டும். ட்ரைவ் இணைந்திருக்கும்போது மெக்கர் வைக்கவே கூடாது. மறுபடி சுற்றும்போது இரட்டைப் பூச்சு இன்வெர்ட்டர் கம்பி, எஃப் கிளாஸ் இன்சுலேஷன், வார்னிஷில் முக்கி அடுப்பில் சுட்டது என்று கேட்டு வாங்குங்கள். ட்ரைவ் அனுப்புகிற பல்ஸ் கூர்மையானது, கேபிள் நீளமானால் மோட்டார் முனையில் 1,000 வோல்ட்டைத் தாண்டிய உச்சி எழும். கேபிள் 10 மீட்டருக்குள், ஸ்க்ரீன் உள்ளதாக, ஸ்க்ரீனை இரண்டு பக்கமும் எர்த் பண்ணி இருக்கட்டும். டிஆர்ஓ (அளவை எண்ணில் காட்டும் டிஜிட்டல் மீட்டர்) மாட்டியிருந்தால் அதன் ஸ்கேல் ஒயரும் மோட்டார் கேபிளும் ஒரே குழாயில் போகக் கூடாது, எண் தானாக ஓடும்.

பேனலில் வார்ப்பிரும்புத் தூள் புகுந்தால் போர்டு ஷார்ட் ஆகும். ஃபேன் துளைக்கு ஃபில்டர் போட்டு வாரம் ஒருமுறை தட்டுங்கள், ஏர் கன்னால் உள்ளே ஊதாதீர்கள். சித்திரை வைகாசியில் தகரக் கூரைக்குக் கீழே பேனல் உள்ளே 50 டிகிரி தாண்டும். பெரும்பாலான ட்ரைவுக்கு 40 வரைதான் முழு கரண்ட். 3.7 கிலோவாட் ட்ரைவ் வாங்கினால் உங்கள் 4.8 ஆம்ப்ஸுக்கு நிம்மதி. அப்போது ரெசிஸ்டர் அளவை அந்த ட்ரைவின் மேனுவல்படி பாருங்கள்.

---

ஏற்காடு_பல்ப்பர் கேட்டது:

திரிக்குக் கொஞ்சம் வெளியே போகிறேன், மன்னிக்கவும். எஸ்டேட்டில் காபி பல்ப்பருக்கு (பழத்தோலை உரிக்கும் மெஷின்) 2 எச்பி, 415 வோல்ட் ஸ்டார், 3.4 ஆம்ப்ஸ் மோட்டார், ஆறு முனை. பல்ப்பிங் ஷெட்டில் சிங்கிள் பேஸ் மட்டும்தான். சீசனில் மாலை நேரம் 190 வோல்ட்டுக்கு இறங்கும். சிங்கிள் பேஸ் விஎஃப்டி வைத்தால் இந்த மோட்டார் ஓடுமா? வேகத்தைக் கூட்டினால் பழம் சீக்கிரம் தீருமா?

---

பேனல்_வயரிங் பதில்:

ஓடும். ஆனால் சிங்கிள் பேஸ் 230 வோல்ட் ட்ரைவ் வெளியே கொடுப்பதும் மூன்று பேஸ் 230 தான். ஸ்டாரில் வைத்தால் மோட்டார் முக்கும். டெர்மினல் பாக்ஸில் பட்டைகளை மாற்றி டெல்டா போடுங்கள், 415 ÷ 1.732 = 240, சரியாகப் பொருந்தும். கரண்ட் 3.4 × 1.732 = 5.9 ஆம்ப்ஸ். 1.5 கிலோவாட், 7 ஆம்ப்ஸ் ட்ரைவ் வேண்டும். உள்ளே வரும் லைனில் 15 ஆம்ப்ஸ் சுமார் இழுக்கும், 4 சதுர மிமீ காப்பர் ஒயரும் 20 ஆம்ப்ஸ் சி வகை எம்சிபியும் போடுங்கள். 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் விழும் பிரேக்கர்) இருந்தால் ட்ரைவின் ஃபில்டர் கசிவிலேயே விழலாம். அதற்காக ஆர்சிசிபியைக் கழற்றிவிடாதீர்கள், ஈரமான ஷெட். ட்ரைவுக்கு ஏற்ற வகை எது என்று மேனுவலில் பார்த்து மாற்றுங்கள்.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். ட்ரைவ்கள் 1,000 மீட்டர் வரை முழு கரண்டுக்கு அளவிட்டவை, அதற்கு மேல் 100 மீட்டருக்கு 1% கழிக்க வேண்டும், காற்று மெலிந்து குளிர்ச்சி குறைவதால். 5% போனாலும் 7 ஆம்ப்ஸில் 6.65 மிஞ்சுகிறது, உங்கள் 5.9-க்குப் போதும். உங்களுக்கு உயரத்தை விடப் பெரிய எதிரி பனிமூட்டம். இரவில் ட்ரைவ் குளிர்ந்து போர்டில் ஈரம் கோக்கும், காலையில் ஆன் பண்ணியதும் போகும். கோட்டிங் போட்ட போர்டு உள்ள மாடலாகக் கேளுங்கள். மூடிய பெட்டிக்குள் 25 வாட் ஹீட்டர் ஒன்று சீசன் முழுக்க எரியட்டும்.

190 வோல்ட் பிரச்சினைக்கு வழி இருக்கிறது. அந்த வோல்டேஜில் 50 ஹெர்ட்ஸ் ஓட்டினால் டார்க் 63% ஆகிவிடும், பழம் அடைத்தால் நிற்கும். வோல்டேஜும் ஃப்ரீக்வென்சியும் ஒரே விகிதத்தில் இருக்க வேண்டும். 190 ÷ 240 × 50 = 39.6. மாலையில் 40 ஹெர்ட்ஸுக்கு இறக்கிவிடுங்கள், முழு டார்க்கும் கிடைக்கும், வேகம் மட்டும் குறையும். பெல்ட் புல்லியை ஒரு அளவு மாற்றி அந்த வேகத்தையும் மீட்டுக்கொள்ளலாம், ஆனால் மாற்றும் விகிதத்துக்கு டிரம்மில் டார்க் குறையும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

வேகத்தைக் கூட்டி பழத்தைச் சீக்கிரம் தீர்க்க நினைக்க வேண்டாம். பல்ப்பர் தயாரித்தவர் கொடுத்த ஆர்பிஎம்மைத் தாண்டினால் கொட்டை நசுங்கும், விலை போய்விடும். டிரம்முக்கும் பிளேட்டுக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பழ அளவுக்கு வையுங்கள், தண்ணீர் சீராக விழட்டும், கல் பிடிக்கும் தொட்டியைத் தினம் சுத்தம் பண்ணுங்கள். ட்ரைவில் ஓவர் டார்க் அளவை 130% வைத்து, தாண்டினால் நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு கல் உள்ளே போனால் பிளேட் தப்பிக்கும்.